தோய்க்கிற மெசினில் ஒட்டியிருந்த படங்கள்

அன்று பின்னேரம் டென்மார்க்கின் ஒடென்சேயில் மழை. மழை என்று சொல்வதுகூட மிகைதான். யன்னல் கண்ணாடியில் ஈரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே. நான் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் கட்டம் போட்ட கொப்பி. திரையில் ஒவ்வொரு காட்சித்துண்டு மாறும்போதும் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல். கதவு. கை. முதுகு. மறுபடி கதவு.

சத்தமில்லாத படத்தில் மனிதர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள்போல இருப்பார்கள். அவர்கள் கோபித்தாலும் அழுதாலும் நமக்கு அது மெதுவாகத்தான் வந்து சேரும். அப்படி மிதந்துகொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"என்ன செய்யிறாய்?"

"படம் பாக்கிறன் அம்மா."

"ஒரு சத்தமும் கேக்கேல்லை."

"சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாக்கிறன்."

"உனக்குப் பேசி வாற மாப்பிள்ளையளுக்கு இதை மட்டும் சொல்லிப்போடாதை," என்றார்.

பிறகு குரல் இறங்கியது. "பிள்ளை, சித்தி கல்வெட்டுக்கு உன்னைத்தான் கேக்கிறா."

சித்தப்பா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கல்வெட்டு என்றால் இங்கே கல் இல்லை, புத்தகம். இறந்தவருடைய முப்பத்தோராம் நாளன்று, அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கப்படும் மெல்லிய நினைவு மலர். யாழ்ப்பாணத்திலும் கொடுப்பார்கள், டென்மார்க்கிலும் கொடுப்பார்கள்.

"எழுதித் தாற ஆக்கள் இருக்கினம்தானே அம்மா?"

"இருக்கினம். அவை எழுதினால் எல்லாச் செத்த ஆக்களும் ஒரே ஆளா வருகினமாம். 'நான் திறந்து பாத்தால் அவர் எண்டு தெரியவேணும், இல்லாட்டி எனக்குப் புத்தகமே வேண்டாம்' எண்டு நிக்கிறா. நீதானே எந்த நேரமும் கதையையும் படத்தையும் கழட்டிக்கொண்டு இருக்கிறாய். ஒருக்கா ஒண்டைச் சேத்துப் பூட்டித் தா பாப்பம்."

வெள்ளைத் துணி விரித்த மேசை

கழற்றுவது என் தொழில். காற்றோட்ட விசிறிகள் செய்யும் தொழிற்சாலையில் அதிர்வை அளக்கும் பொறியியலாளர் நான். வேறு நிறுவனத்தின் புது விசிறி ஒன்று சந்தைக்கு வந்தால் வாங்கிவந்து மேசையில் வைத்துப் பிரிப்போம். அதற்கு மூன்று விதிகள்.

1. ஒரு திருகாணியைத் தொடுமுன் படம் எடு.
2. கழற்றிய ஒழுங்கிலேயே துணியில் அடுக்கு.
3. கடைசி உறுப்பு வெளியே வரும்வரை 'நல்லது', 'கூடாது' என்று வாய் திறக்காதே.

மூன்றாவதுதான் மிகக் கடினம்.

இந்த விதிகளை விசிறியிலிருந்து கதைக்கு மாற்றியவள் மெட்டே. என்னுடன் வேலை செய்பவள். கூட்டங்களில்கூடக் கம்பளி பின்னிக்கொண்டிருப்பவள். "இரும்பை மட்டும் ஏன் கழற்றவேண்டும்?" என்று ஒருநாள் கேட்டாள். அதன்பிறகு வியாழக்கிழமைகளில் மதிய உணவு முடிந்ததும் நாங்கள் இருவரும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பிரிப்போம். வானொலி நாடகம், பத்திரிகையின் கடைசிப் பக்கத்துச் சித்திரக்கதை, அவளுடைய பின்னல் மாதிரி, ஒரு விளம்பரம்.

எனக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. நான் எழுத ஆசைப்பட்டேன். அதற்குள் நான்கு சிறுகதைகள் எழுதி முடித்திருந்தேன். நான்கிலும் எல்லா உறுப்புகளும் இருந்தன, ஒன்றும் சுழலவில்லை.

ஒரு கோடைப் பகலில் கிராமத்துத் தேவாலயம் ஒன்றுக்குச் சைக்கிளில் போனோம். பழைய கூரை ஓவியம். ஒரு பெண் வெண்ணெய் கடைகிறாள். தோளுக்குப் பின்னால் ஒரு பிசாசு எட்டிப் பார்க்கிறது. தேவாலயத்து மர வாங்கில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தோம். உள்ளே சுண்ணாம்பின் குளிர். வெளியே கோதுமைக் காற்று. "நீ முதலில் எங்கே பார்த்தாய்?" என்றாள் மெட்டே. நான் கடைகிற கையைப் பார்த்திருந்தேன். அவளும் அப்படியே. பிசாசைப் பின்னால்தான் கண்டோம். வரைந்தவன் அப்படித்தான் விரும்பியிருக்கிறான் என்று கொப்பியில் எழுதினேன். கண்ணை முதலில் எங்கே உட்காரவைப்பது, பிறகு எப்போது எழுப்புவது.

இதை இன்னொரு இடத்தில் ஏற்கெனவே கற்றிருந்தேன் என்பது அந்த வாங்கில் படுத்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. எட்டு வயதில் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு டேனிஷ் சொல்லும் தெரியாது. நூலகத்தில் படப்புத்தகங்களை மட்டும் எடுப்பேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஓநாயின் வால் தெரியும். பக்கத்தைப் புரட்டினால்தான் ஓநாய். புரட்டுமுன் அரை வினாடி தாளின் மூலையைப் பிடித்தபடி இருப்பேன். மொழி தெரியாத ஒரு பிள்ளைக்குத் தாள் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் சிரித்த முகம்

அம்மாவின் அலுமாரியில் முப்பத்துநான்கு கல்வெட்டுகள் இருந்தன. வாங்கியதை எறியக்கூடாது என்பதால் சேர்ந்தவை. ஒரு வார இறுதியில் அவற்றைத் தரையில் பரப்பி அட்டவணை போட்டேன்.

மாலை போட்ட படம். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா. தேவாரம். வாழ்க்கைக் குறிப்பு. மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், எல்லாம் செய்யுளில். வம்ச வரலாறு. நன்றி நவிலல். ஒழுங்குகூட மாறவில்லை.

வாழ்க்கைக் குறிப்பில் ஏறக்குறைய எல்லாருக்கும் 'என்றும் சிரித்த முகம்'. அம்மா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இவருக்கோ? இவர் சிரிச்சு நான் கண்டதே இல்லை. கலியாண வீட்டிலையும் கோட்டிலை கூண்டுக்கை நிக்கிறமாதிரித்தான் நிண்டவர்."

"சித்தப்பா சிரிப்பாரோ அம்மா?"

"சிரிக்கிற ஆக்களைப் பாத்துக்கொண்டு நிப்பார்," என்றார்.

சித்தி-சித்தப்பா கலியாண வீடியோவையும் பிரித்துப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் படப்பிடிப்பாளர் ரோசாப்பூ மழையை நுழைத்திருந்தார். பூ ஓய்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. முக்கியமான கணத்தை அலங்காரம் விழுங்கிவிடும் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் சித்தப்பா யார் என்பது அந்த வீடியோவிலும் இல்லை.

பாலத்துக்கு அப்பால்

அடுத்த சனிக்கிழமை சித்தி வீடு இருக்கும் பிரெடெரிசியாவுக்குப் புறப்பட்டேன். லில்லேபெல்ட் பாலத்தில் ரயில் ஏறும்போது கீழே கடல் இல்லை, பனிமூட்டம்தான். இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியைக் கடந்தன. தூண், வெள்ளை, தூண், வெள்ளை. பழக்கதோஷம், விரலால் எண்ணிக்கொண்டு போனேன்.

வீட்டில் சித்தியும் அவருடைய ஒரே மகன் கஜனும் இருந்தார்கள். கஜன் கோப்பன்ஹேகனில் படிக்கிறான், டென்மார்க்கில் பிறந்தவன். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வான். தமிழ் எழுத்து தெரியாது.

கொப்பியைத் திறந்தேன். "சித்தப்பா எப்பிடிப்பட்டவர் சித்தி?"

"நல்லவர்."

"அவருக்கு என்ன பிடிக்கும்?"

"எல்லாம் பிடிக்கும்."

கஜன் யன்னல் பக்கம் திரும்பியபடி டேனிஷில் சொன்னான்: "அக்கா, நீங்கள் என்ன எழுதினாலும் என்னால் அதை வாசிக்க முடியாது. மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, என் அப்பாவைப் பற்றிய புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பேன்."

சித்திக்கு அது விளங்கியது. அவர் முகம் மாறியதைப் பார்த்தபிறகுதான், இந்தப் புத்தகம் யாருக்காக என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. இரண்டு பேர். ஒருவர் திறந்ததும் அவரைக் காணவேண்டும். மற்றவன் எழுத்தில்லாமலே காணவேண்டும்.

வழியில் தூறலில் நனைந்த என் தலையைத் துவட்டிய துவாயை மெசினுக்குள் போடச் சொல்லி சித்தி அனுப்பினார். துணி தோய்க்கிற மெசினின் மூடியில், மஞ்சளாகிப்போன ஒட்டுநாடாவால், எங்கள் பேச்சில் ரேப்பால், ஒட்டிய ஒரு தாள். நீலப் பேனையால் வரைந்த நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடுகிறது. மேலே ஒரு பெருக்கல் குறி. மற்ற மூன்றில் ஒரு கை: பவுடர் தட்டை இழுக்கிறது, அளந்து போடுகிறது, பொத்தானை அழுத்துகிறது. கையில் இரண்டு காப்பு. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"சித்தி, இது ஆர் கீறினது?"

"வேற ஆர்? அவர்தான். நான் வந்த புதுசிலை எனக்கு டேனிஷ் ஒண்டும் தெரியாது. அவர் வேலைக்குப் போனால் நான் தனிய. அதுதான் கீறி ஒட்டிப்போட்டுப் போவார். பிறகு நான் மொழி படிச்சு வேலைக்கும் போயிட்டன், அவர் விடேல்லை. மெசின் மாத்தினால் புதுசாக் கீறுவார்."

"வேறையும் இருக்கோ?"

"வீடு முழுக்க இருக்கு பிள்ளை. நீ காணேல்லையோ?"

நான் கண்டதில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். பியூஸ் பெட்டிக்குள், அடுப்புக்கு மேலே, சுடுதண்ணீர்த் தாங்கியில், கராஜில் சைக்கிளைக் கொக்கியில் கொழுவும் இடத்தில். பதினொன்று எண்ணினேன். இரண்டு வருடமாகச் சித்திரக்கதைகளை மேசையில் பிரித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஒன்றை மட்டும், மெசினில் இருந்ததை, கைபேசியில் படம் எடுத்தேன். மற்றவற்றை நல்ல கமெராவுடன் அடுத்த சனி வந்து ஒழுங்காக எடுக்கலாம் என்று நினைத்தேன். முதலாம் விதியை நான் மீறியது அப்படித்தான்.

வீடு கழுவினவர்கள்

முப்பத்தோராம் நாளுக்கு முன் வீட்டைக் கழுவித் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழிப்பது வழக்கம். செத்தவீட்டுக்காரர்கள் தனியே கிடந்து உழலக்கூடாது என்று ஊர்ப்பெண்கள் நாலுபேர் வாளியும் துடைப்பமுமாக வந்துவிடுவார்கள். இந்த அன்பை யாரும் கேட்டுப் பெறுவதில்லை, தடுப்பதுமில்லை.

அடுத்த சனி நான் போனபோது வீடு எலுமிச்சை வாசனையில் மினுங்கியது. சித்தியின் சிநேகிதி பவானி அன்ரி புட்டும் கறியும் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். மெசின் வெள்ளையாக இருந்தது. பியூஸ் பெட்டிக்குள் வெறும் பெட்டி.

"பாத்தியே பிள்ளை?" என்றார் பவானி அன்ரி பெருமையாக. "புதனும் வியாழனும் நாலு பொம்பிளையள் நிண்டு கழுவினது. எங்கை பாத்தாலும் பழைய ரேப்பும் கடதாசியும். சுரண்டிச் சுரண்டி என்ரை நகமே போச்சு."

"அந்தக் கடதாசியள் எங்கை அன்ரி?"

"எறிஞ்சாச்சு. நேற்றுக் காலமை குப்பை லொறி வந்திட்டுது."

படியில் நின்ற கஜன் கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டேனிஷில் வேகமாக, அது அப்பாவின் கை என்றும், யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்றும், நீங்கள் எல்லாரும் வீட்டை விட்டுப் போங்கள் என்றும். அங்கே எல்லாரும் என்றால் பவானி அன்ரி ஒருவர்தான். அவர் கறிச் சட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எனக்குத் தெரியாது ராசா. நான் குப்பை எண்டு நினைச்சன். ஐயோ, எனக்குத் தெரியாதே."

கஜன் கராஜுக்குப் போய்விட்டான். சித்தி வந்து பவானி அன்ரியின் கையிலிருந்த மூடியை வாங்கிச் சட்டியை மூடினார். "நீங்கள் இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார்.

நான் கஜனுக்குப் பின்னால் போனேன். சைக்கிள் கொழுவும் இடத்தில் ரேப் இருந்த நான்கு மூலைகளும் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அன்ரிமேல் எனக்குக் கோபமில்லை அக்கா," என்றான் டேனிஷில்.

நான் காத்திருந்தேன். வானொலி நாடகங்களில் இருந்து கற்ற ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"நான் கோப்பன்ஹேகனுக்குப் போன முதல் நாள் அப்பா வந்து என் அறை அடுப்புக்கு மேலே ஒன்று ஒட்டினார். எப்படி அணைப்பது என்று. சமையலறை எல்லாருக்கும் பொது. ஒருத்தன் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கே பிய்த்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அப்பா திரும்ப வந்தார். அந்தச் சுவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்."

பிழையில் தொடங்கும் கட்டம்

கைபேசியில் இருந்த ஒரே படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வெள்ளைத் தாள்களும் நீலப் பேனைகளும் எடுத்துவந்தேன். மற்றப் பத்தையும் நினைவிலிருந்து கீறிப் பார்ப்போம் என்றேன்.

"எனக்குக் கீறத் தெரியாது," என்றார் சித்தி.

"எனக்கும்தான்," என்றான் கஜன், தமிழில்.

"அப்ப நான் கீறுறன். பிழையெண்டால் சொல்லுங்கோ."

பியூஸ் பெட்டியில் தொடங்கினேன். என்னிடம் முறை இருந்தது. மெசின் படத்தை ஏற்கெனவே உறுப்பு உறுப்பாகப் பிரித்திருந்தேன்: கை, காப்பு, அம்பு, இடமிருந்து வலம். முதல் கட்டத்தில் பெட்டியின் மூடியைத் திறக்கும் கையை வரைந்தேன்.

"இல்லை," என்றான் கஜன் உடனேயே. "அப்பா அங்கே தொடங்கமாட்டார்."

"முதலிலை மூடியைத் திறக்கத்தானே வேணும்?"

"முதலில் நீங்கள் என்ன பிழை விடுவீர்களோ அதுதான் வரும். பியூஸ் போனால் அம்மா என்ன செய்வா? மெழுகுதிரி தேடுவா. முதல் கட்டம் மெழுகுதிரி. மேலே பெருக்கல் குறி."

சித்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரென்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம். மெழுகுதிரிதான். ஒருக்கா மெழுகுதிரியைக் கொண்டுபோய் மேல்சட்டையைப் பத்தவைச்சனான். அந்த மெசினும் அப்பிடித்தான். பவுடர் முழுக்க உள்ளுக்கை கொட்டி, அப்ப இருந்த மாடிவீட்டிலை கீழ்வீட்டு மனுசி வந்து கதவைத் தட்டினவ. அவர் வேலையாலை வந்து தண்ணிக்கை நிண்டுகொண்டு ஒண்டும் பேசேல்லை. அடுத்த நாள் படம் ஒட்டியிருந்தது."

நுரைக் கட்டத்தை நான் பொதுவான எச்சரிக்கை என்று குறித்து வைத்திருந்தேன். அது எச்சரிக்கை அல்ல. ஒரு குறிப்பிட்ட மனுசி விட்ட பிழை. ஒருவரை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எங்கே தவறுவார் என்று முதல் கட்டத்தில் வரைய முடியும்? என் நான்கு கதைகளிலும் வந்த ஆட்கள் ஒருவர்கூடத் தமக்கே உரிய ஒரு பிழையை விட்டதில்லை. எல்லாரும் மூடியை ஒழுங்காகத் திறந்தவர்கள்.

அதன்பிறகு பேனை என் கையில் நிற்கவில்லை.

"அம்பு வளைஞ்சு வரும் அம்மா, இப்பிடி."

"நீ கராஜைச் சொல்லுறாய். அடுப்பிலை நேர் அம்பு."

"அடுப்பிலை ரெண்டு அம்பு."

"ரெண்டாவது உனக்கு. நீ பீட்சாவைப் பெட்டியோடை வைச்சனீ."

பவானி அன்ரியும் வந்து உட்கார்ந்தார். தான் சுரண்டிய தாள்களில் எதில் என்ன இருந்தது என்பது அவருக்குத்தான் எல்லாரையும்விடப் புதிதாக நினைவிருந்தது. "சுடுதண்ணித் தாங்கியிலை ஒரு பூனை நிண்டது," என்றார் தயங்கியபடி. பூனையா என்று கஜன் கேட்டான். "ஓம் ராசா, வால் எரிஞ்ச பூனை." சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். பூனை இல்லை, அது சித்தப்பா தானேயாம். தன்னை அப்படித்தான் வரைவாராம்.

சித்தி கையை வரைந்தபோது விரல்களில் தொடங்கவில்லை, காப்புகளில் தொடங்கினார். அவருடைய கையில் அன்று காப்பு இருக்கவில்லை. மங்கலான பகல் வெளிச்சம் மேசைக்கு வந்து, தாள்களின் மேல் நெடுநேரம் நகராமல் கிடந்தது. யாரும் விளக்குப் போடவில்லை.

பின்னேர ரயிலுக்குள் பத்தும் தேறின. கோடுகள் சித்தப்பாவுடையவை அல்ல. நடுங்கிய கோடுகள், மூன்று பேருடையவை. ஆனால் எந்தத் தாளைப் பார்த்தாலும் மேசையில் யாராவது ஒருவர் "ஓம்" என்றார்கள்.

புத்தகத்தின் ஒழுங்கை மாற்றவில்லை. திதி வெண்பா, தேவாரம், எல்லாம் அதனதன் இடத்தில். புலம்பல் செய்யுள்களை மட்டும் எடுத்துவிட்டேன். மனைவி புலம்பல் இருக்கவேண்டிய இடத்தில் மெசினும் அடுப்பும் தாங்கியும். பக்கத்தைப் புரட்டினால்தான் அடுத்த கட்டம் தெரியும்படி, பிழை வலப்பக்கம், சரி மறுபக்கம். பிள்ளைகள் புலம்பலுக்கு ஒரு பக்கம் காலியாக நின்றது.

"அதை நான் கீறுறன்," என்றான் கஜன்.

அறைக்குள் போய்க் கொஞ்சநேரத்தில் கொண்டுவந்தான். இரண்டே கட்டங்கள். முதலாவதில் ஓர் இளைஞனின் கை சுவரிலிருந்து ஒரு தாளைப் பிய்க்கிறது. மேலே பெருக்கல் குறி. இரண்டாவதில் அதே கை அதே தாளைச் சுவரில் வைத்து, நான்கு மூலையும் ரேப் ஒட்டுகிறது.

சித்தி தாளைக் கையில் வாங்கினார். கோப்பன்ஹேகன் அறைக் கதை அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கஜனும் விளக்கவில்லை.

"அவர்தான்," என்றார் சித்தி.

ஸ்கான் பண்ணுவதற்காகக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ரேப்பை எடுத்துக்கொண்டு மெசினிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம். கழுவித் துடைத்த மெசினின் மூடியில் தாளை வைத்து மூன்று மூலைகளை ஒட்டினார். நாலாவது மூலைக்கு வெட்டிய துண்டு விரலில் சுருண்டுகொண்டது.

"இதிலையே வைச்சுப் படம் எடு பிள்ளை," என்றார், அந்த மூலையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி. "பிறகு ஆரும் எடுத்துப்போடுவினம்."

எடுத்தேன். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு படத்தையும் நேராக்கி, விளிம்பைச் சுத்தமாக வெட்டுவது என் வழக்கம். மற்றப் பதினொன்றையும் அப்படியே செய்தேன். கஜனின் படம் வந்த பதினேழாம் பக்கத்தின் கீழ்மூலையில் சித்தியின் கட்டைவிரல் தெரிகிறது. அதை நான் வெட்டவில்லை.